கூரையுள்ள காரும் கூரையில்லாக் காரும்



ஒரே தொழிற்சாலையில், ஒரே எஞ்சினைப் பொருத்தி, இடுப்பளவுக்கு ஒரே உருவமாகச் செய்யப்பட்ட இரண்டு கார்கள். ஒன்றுக்கு எஃகுக் கூரை உண்டு. மற்றொன்றுக்கு மடித்து வைக்கும் துணிக்கூரை மட்டுமே உண்டு. இவற்றுள் எது சிறந்தது? கேட்பதற்கு எளிய வினாதான். இரண்டையும் வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகே, விடை அவ்வளவு எளிதன்று என்று அறிந்தேன். கூரை மழையையும் வெயிலையும் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. காரின் உடல் வலிமைக்கும் பயணத்தின் இயல்புக்கும் அதனோடு தொடர்பு உண்டு. காரை உடையவன் மேற்கொள்ள வேண்டிய கடமையும் அதனால் மாறுகிறது. அந்த அனுபவத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்த கார் எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். ஆக்ஸ்போர்டு நகரில் இருந்த மாரிஸ் காரேஜஸ் என்ற நிறுவனத்தின் முதலெழுத்துக்களே எம்.ஜி. ஆயின. 1929 முதல் இக்கார்கள் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள அபிங்டன் என்னும் சிறு நகரில் செய்யப்பட்டன. 1962இல் எம்.ஜி.பி. திறந்த காராக வெளிவந்தது. 1965இல், அதே காருக்கு எஃகுக் கூரையும், பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவும் அமைத்து, ஜி.டி. என்ற பெயரில் கூபே ஒன்றையும் விற்பனைக்கு விட்டனர். அந்த உருவத்தைச் செம்மைப்படுத்தியதில் இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்தாருக்குப் பங்கு உண்டு. 1980 அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்படுவதற்குள், திறந்தவை ஏறத்தாழ 3,87,000, கூபேக்கள் ஏறத்தாழ 1,25,000 என்ற அளவில் இவை செய்யப்பட்டுவிட்டன.

இளம் ஆசிரியனாக நான் இங்கிலாந்தில் பணி தொடங்கிய காலத்தில் இக்கார்கள் தெருவெங்கும் ஓடின. என் சம்பளத்துக்கும் குடும்பத்துக்கும் ஏற்றது நான்கு கதவுகள் கொண்ட சாதாரணக் காரே. ஆகையால் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொண்டேன். தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே, 1969ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திறந்த கார் ஒன்றை வாங்கினேன். இரண்டாண்டு கழித்து, 1972ஆம் ஆண்டின் கூபே ஒன்று நியாயமான விலைக்கு வந்தது, அதையும் வாங்கினேன். ஒரு வீட்டுக்கு இவ்வளவு கார்கள் தேவையில்லை என்று என் மனைவி அப்போதே சொன்னாள். அவள் சொன்னது சரியே.

முதலில் திறந்த காரின் இன்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இருக்கை மிகத் தாழ்வானது. கையைத் தொங்கவிட்டால் சாலையைத் தொட்டுவிடலாம் போலத் தோன்றும். மே மாதத்துக் காலை வேளையில், கூரைத் துணியை மடித்து வைத்துவிட்டு ஆக்ஸ்போர்டின் மேற்கே கிராமச் சாலைகளில் செல்லும்போது, வெட்டிய புல்லின் மணமும், வேலியோரத்துப் பூக்களின் மணமும், எங்கோ ஒரு பண்ணையின் சாண நாற்றமும்கூட ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். மரநிழலுக்குள் புகுந்தால் குளிர்ச்சி. வெளியே வந்தால் வெயிலின் இளஞ்சூடு. மூடிய காரில் செல்பவன் நாட்டைக் கண்ணால் மட்டுமே காண்கிறான். திறந்த காரில் தோலும் மூக்கும் செவியும் சேர்ந்து காண்கின்றன.

இந்த இன்பத்துக்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. மணிக்கு ஐம்பது மைலைக் கடந்ததும் காற்று பின்புறமாகச் சுழன்று வந்து கழுத்தில் அடிக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும். இங்கிலாந்தின் மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. சாலையோரம் நிறுத்தி, சட்டத்தை நிமிர்த்தி, துணியை இழுத்துப் பொருத்தி, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டி முடிப்பதற்குள் நனைய வேண்டிய அளவுக்கு நனைந்துவிடுவோம். துணியை மூடிய பிறகும் ஒழுகுதல் முற்றிலும் நிற்பதில்லை. பின்புறத்துச் சாளரம் பிளாஸ்டிக்கால் ஆனது, நாளடைவில் மங்கிவிடும். ஊரில் காரை நிறுத்திச் சென்றால், ஒரு சிறு கத்தியே திருடனுக்குச் சாவி என்ற கவலையும் உடன் வரும்.

கூபேயில் இந்தத் தொல்லைகள் இல்லை. முன்கண்ணாடி உயரமானது, நெட்டையானவரும் தலை இடிக்காமல் அமரலாம். பின்னால் ஒரு சிறு இருக்கை உண்டு. அதில் பெரியவர் எவரும் அமர முடியாது. ஆனால் அதை மடித்துவிட்டால் பெட்டி படுக்கைகளை வைப்பதற்கு நல்ல நீண்ட தளம் கிடைக்கும். கூரையின் எடையும் கண்ணாடியின் எடையும் சேர்ந்து, கூபே ஏறத்தாழ 100 கிலோ கூடுதலாக இருக்கிறது. இரண்டிலும் 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதே நான்கு சிலிண்டர் எஞ்சின்தான். ஆகவே புறப்படும் வேகத்தில் திறந்த கார் சற்று முந்தும். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் செல்லும்போதோ, சரிந்த கூரையின் மேல் காற்று தடையின்றி வழுக்கிச் செல்வதால், கூபே அந்தக் குறையை ஈடுசெய்து உச்ச வேகத்தில் சிறிது மேம்பட்டே நிற்கிறது. கோடைக்காலத்தில் மட்டும், எஞ்சினிலிருந்து வரும் சூடும் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலும் சேர்ந்து உள்ளே அடுப்பங்கரை போலாகிவிடும். பின்பக்கச் சாளரங்களைச் சிறிது திறந்து வைக்கலாமே தவிர, அதனால் பெரும் பயன் இல்லை.

ஆக்ஸ்போர்டிலிருந்து வேல்ஸ் நாட்டின் கடற்கரை நகரமான அபரிஸ்ட்வித் வரை ஏ44 என்னும் சாலை செல்கிறது. ஏறத்தாழ 150 மைல். என் மனைவியும் நானும் அச்சாலையில் இரண்டு கார்களிலும் பயணம் செய்திருக்கிறோம். திறந்த காரில் சென்றபோது வேல்ஸ் மலைகளின் அழகை நான் மறக்க முடியாத அளவுக்குக் கண்டேன். ஆனால் வீடு திரும்பியபின் என் மனைவிக்கு இரண்டு நாள் காதுவலி. வழியில் நாங்கள் பேசியது மிகச் சொற்பம். கூபேயில் சென்றபோது மலைகள் சற்றுத் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றின. ஆனால் வூஸ்டரிலிருந்து கடற்கரை வரை பேசிக்கொண்டே சென்றோம். பள்ளியின் வேலையே பெரிதென்று இருந்த ஆண்டுகளில் நான் கேட்கத் தவறிய குடும்பச் செய்திகள் பலவற்றை அன்றுதான் கேட்டேன். இதனை ஒரு காரின் குணமாகக் கணக்கிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து.

இனி, வலிமையைப் பற்றிச் சொல்கிறேன். வகுப்பறையில் நான் காட்டிவந்த ஒரு சிறு சோதனையை இங்கே நினைவுகூர்கிறேன். அட்டையால் ஆன செருப்புப் பெட்டி ஒன்றை மூடியோடு எடுத்து, மூடியை நன்றாக ஒட்டிவிட்டு, இரு முனைகளையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். அது எளிதில் வளையாது. மூடியை அகற்றிவிட்டுத் திருகுங்கள், உடனே நெளியும். திறந்த கார் மூடியில்லாத பெட்டி. எம்.ஜி.பி. காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து ஆக்கிய உடற்கூடே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கூரை இல்லாதபோது, அப்பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குபவை கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் ஓடும் இரண்டு நீண்ட எஃகுப் பெட்டிகள். நாம் ஏறி இறங்கும்போது காலைத் தூக்கி வைத்துக் கடக்கும் அந்த விளிம்புதான் அது. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என மூன்று தகடுகளால் ஆனது. சேறும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதனுள் தங்கினால், உள்ளிருந்தே துரு பிடித்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, திறந்த காரின் சக்கரம் ஒன்றைக் கழற்றுவதற்காக ஜாக்கி வைத்துத் தூக்கினேன். தூக்கிய நிலையில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஒரு பொருளை எடுத்தேன். பிறகு கதவை மூடினால் மூடவில்லை. கதவின் மேல்மூலை பின்தூணில் முட்டியது. ஜாக்கியை இறக்கினேன், கதவு ஒழுங்காக மூடியது. மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் முட்டியது. அதன் பொருள் எனக்கு விளங்கியபோது சற்று நேரம் தரையிலேயே அமர்ந்துவிட்டேன். கார் நடுவில் மடிந்துகொண்டிருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் பேத்தியை அதே இடப்பக்க இருக்கையில் அமர்த்தி நெடுஞ்சாலையில் அழைத்துச் சென்றிருந்தேன்.

பழுது பார்ப்பவர் வெளித்தகட்டின் வண்ணத்தைச் சுரண்டினார். பளபளவென்ற வண்ணத்தின் கீழே விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருந்தது. பட்டியின் பின்னே தகடு இல்லை, துருத்தூள்தான் இருந்தது. எனக்கு விற்றவர் அதை அறிந்தே மறைத்தாரோ, அவருக்கும் எவரோ மறைத்தாரோ, நான் அறியேன். ஆனால் வாங்கும் நாளில் நான் வண்ணத்தைப் பார்த்தேன், எஞ்சினின் ஒலியைக் கேட்டேன், இருக்கையின் தோலைத் தடவினேன். குனிந்து அடியைப் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் செருப்புப் பெட்டியைத் திருகிக் காட்டியவன் செய்த பிழை அது.

அதைச் செப்பனிடுவதிலும் ஒரு முறை உண்டு. காரைச் சமநிலையில் தாங்கி நிறுத்தி, கதவு நிற்கும் இடைவெளியில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்து, வடிவம் மாறாதபடி பிடித்துக்கொண்ட பிறகே பழைய தகட்டை வெட்ட வேண்டும். அவ்வாறு செய்யாமல் வெட்டினால், வளைந்த காருக்குப் புதிய தகடு போட்டு, வளைவை நிலைப்படுத்தியதாகவே முடியும். நல்லவேளையாகத் தகடுகளுக்குப் பஞ்சமில்லை. பழைய அச்சுகளைக் கொண்டு 1988 முதல் இக்காரின் முழு உடற்கூட்டையே இங்கிலாந்தில் புதிதாகச் செய்துவருகின்றனர். ஆயினும் என் காருக்கு இரு பக்கமும் தகடு மாற்ற இரண்டு மாதம் பிடித்தது. அதற்கான செலவு, கார் வாங்கிய விலையில் பாதியை நெருங்கியது.

கூபேக்கும் இந்தத் துரு வராமல் இருப்பதில்லை. ஆனால் அதன் கூரை முன்பகுதியையும் பின்பகுதியையும் இழுத்துப் பிடித்துக்கொள்வதால், அடிப்பெட்டி கெட்டாலும் கதவு அவ்வளவு எளிதில் முட்டாது. திறந்த கார் தன் நோயைக் கதவின் வழியாக வெளிப்படுத்திவிடும். கூபே நெடுநாள் சொல்லாமல் இருக்கும். இதை அறிந்தபின் என் கூபேயையும் தூக்கிப் பார்க்கச் செய்தேன். பின்சக்கரத்தின் அருகே துரு தொடங்கியிருந்தது. காலத்தில் கண்டதால் சிறு செலவோடு போயிற்று.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். பிரிட்டனில் கார்கள் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது சட்டம். ஆனால் 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு அச்சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. என் இரு கார்களும் அந்த விலக்குக்கு உரியவை. அதைச் சலுகை என்று கருதி நான் சோதனைக்கு அனுப்பாமல் இருந்தேன். விலக்கு அளிக்கப்பட்டது சோதனைக்கே தவிர, கார் பாதுகாப்பாக இருக்கவேண்டிய கடமைக்கு அன்று. விரும்புகிறவர் தாமே சோதனைக்குக் கொண்டு செல்லலாம். கதவு முட்டிய நாளிலிருந்து நான் ஆண்டு தவறாமல் அவ்வாறே செய்துவருகிறேன்.

முடிவில் இரண்டில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. நான் விற்றது திறந்த காரை. என் மனைவியின் காதும், என் பேத்தி இனியும் உடன் வருவாள் என்ற எண்ணமும், கவிழ்ந்தால் தலைக்கு மேல் எஃகு இருக்க வேண்டும் என்ற அச்சமும் சேர்ந்து அந்த முடிவைச் செய்தன. வாங்க வந்த இளைஞனிடம் கதவு முட்டியதை மறைக்காமல் சொன்னேன். தகடுகளை வெட்டியபோது எடுத்த புகைப்படங்களையும் கொடுத்தேன். அவன் அவற்றைப் பார்த்துவிட்டு விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டான். செப்பனிட்ட காருக்கு ஏன் குறைக்க வேண்டும் என்று வாதாட என்னால் முடிந்திருக்கும். ஆயினும் குறைத்தே கொடுத்தேன்.

இத்தகைய கார் ஒன்றை வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. தனியே செல்பவராக, நல்ல வெயில் நாட்களில் மட்டும் ஓட்டுபவராக, மாதம் ஒருமுறை குனிந்து அடியைப் பார்க்கச் சலிக்காதவராக இருந்தால் திறந்த காரை வாங்குங்கள். அது தரும் இன்பத்தைக் கூபே ஒருபோதும் தராது. உடன் ஒருவரை அழைத்துச் செல்பவராக இருந்தால், அவரையும் இரண்டு கார்களிலும் ஒருமுறை அமரவைத்து, ஐம்பது மைல் வேகத்தில் சென்று பார்த்து, அவரது கருத்தைக் கேட்டபின் வாங்குங்கள். எதை வாங்கினாலும், ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு முட்டாததே போதும் என்று இருந்துவிடாமல், அறிந்த ஒருவரைக் கொண்டு அடித்தகட்டையும் தட்டிப் பார்க்கச் செய்யுங்கள். அதன் பிறகு வண்ணத்தைப் பார்க்கலாம்.

இன்றும் மே மாதக் காலையில் எங்கள் தெரு வழியே எப்போதாவது ஒரு திறந்த கார் செல்லும் ஓசை கேட்டால், வாசலுக்கு வந்து அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். விற்றது தவறு என்று எண்ணுவதில்லை, ஆனாலும் பார்க்கிறேன்.