ரிம் மாற்றும் முன் சக்கரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்



தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை, காருக்கு ஸ்போர்ட் ரிம் என்று கணக்குப் போடும் பிள்ளைகள் மலாக்காவில் நிறைய உண்டு. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் என்று எந்தப் பக்கம் போனாலும், டயர் கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ரிம்களை நின்று பார்க்காமல் அவர்களால் தாண்ட முடியாது. வீட்டில் பெரியவர்கள், "இந்த இரும்புக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பார்கள். அது இரும்பு அல்ல, அலுமினியக் கலவை. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். பணத்தை விடுங்கள். அந்தக் காரில் உட்கார்ந்து போகிறவர்களின் உயிரை நான்கு சக்கரங்களும் அவற்றைப் பிடித்திருக்கும் சில நட்டுகளும்தான் சுமக்கின்றன.

டயர் விஷயத்தில் மலாக்காவுக்குத் தனிப் பாத்தியதை உண்டு. மலாயாவில் வாணிப நோக்கத்தோடு முதன்முதலில் ரப்பர் பயிரிட்டவர் டான் சே யான். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் அவர் தொடங்கிய முயற்சி, பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய தோட்டமாக விரிந்தது. இம்மாநிலத் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பால் வெட்டியவர்களில் நம்மவர்கள் ஏராளம். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. தாத்தா வெட்டிய பால் எங்கோ டயராக உருண்டது. பேரன் அந்த டயரைத் தன் காருக்கு வாங்குகிறான். வாங்குவதை விவரத்தோடு வாங்கவேண்டும் என்பதே இங்கே பேச்சு.

நம் நாட்டு இளைஞர்கள் இன்னும் பெயரைச் சொல்லி உருகும் காரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ. 1996ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியது. அந்த லோட்டஸ் பொறியியலாளர்கள் கைவைத்துச் சீராக்கிய கார் இது. 1.8 லிட்டர் இயந்திரம், 16 அங்குல ரிம், 205/45 டயர். வளைவில் அந்தக் கார் ஒட்டிக்கொண்டு போவதற்கு இயந்திரம் மட்டும் காரணமல்ல. ஸ்பிரிங், அப்சோர்பர், ரிம், டயர் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி முடிவு செய்தார்கள். பொறியியலாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அந்தக் கணக்கை ஒரு ஸ்பேனர் அரை மணி நேரத்தில் கலைத்துவிடும். கலைக்கவே கூடாது என்பதல்ல. எதைக் கலைக்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

கடைக்காரர் முதலில் கேட்பது பிசிடி. நட்டுத் துளைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே அது. சாத்ரியாவுக்கும் மைவிக்கும் 4×100. சிவிக் டைப் ஆர் எஃப்டி2 போன்ற காருக்கு 5×114.3. இது பொருந்தாவிட்டால் ரிம் ஏறவே ஏறாது என்பதால் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை. ஏமாற்றம் அடுத்த எண்ணில் இருக்கிறது.

அந்த எண்ணுக்கு ஆஃப்செட் என்று பெயர். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. கணக்கு எளிது. பழைய ரிம் 6.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியது 7.5 அங்குலம், ஆஃப்செட் 35. அகலம் ஓர் அங்குலம் கூடியதால் இரண்டு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆஃப்செட் 10 குறைந்ததால் முழுச் சக்கரமும் 10 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. ஆக, வெளிவிளிம்பு 22.7 மில்லிமீட்டர் துருத்துகிறது, உள்பக்கம் 2.7 மில்லிமீட்டர்தான் நெருங்குகிறது. கடையில் நிற்கும்போது கார் கம்பீரமாகத் தெரியும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, தாமான் வாசலில் உள்ள மேட்டில் இறங்கும்போது மட்கார்டு டயரை அறுக்கும். வீல் பேரிங் சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங் சாலையின் ஒவ்வொரு கோட்டையும் பின்தொடரும். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நின்றால் ஜேபிஜே அதிகாரி சம்மன் எழுதவும் இடமுண்டு. அப்புறம் மட்கார்டை மடக்கவேண்டும் என்று இன்னொரு செலவு வரும். காருக்கு ரிம் தேடுவதை விட்டுவிட்டு ரிம்முக்குக் காரை வெட்டுவது என்ன நியாயம்?

மூன்றாவது, நடுத்துளை. பலவகைக் கார்களுக்கும் விற்கவேண்டும் என்பதால் வெளிச்சந்தை ரிம்களில் துளையைப் பெரிதாக வைப்பார்கள். 73.1 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு. சாத்ரியாவின் ஹப் 56.1, மைவியின் ஹப் 54.1. இடையில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப ஹப் ரிங் என்னும் வளையம் போடவேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரம் நட்ட நடுவில் உட்காராமல் போகலாம். நெடுஞ்சாலையில் 90, 100 தொட்டதும் ஸ்டீயரிங் உதறும். பேலன்சிங் சரியில்லை என்று கடைகடையாக ஏறி இறங்குகிறவர்கள், அந்தச் சின்ன வளையம் இருக்கிறதா என்று ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது நல்லது.

இனி நட்டு. அலோர் காஜா வட்டாரத்தில் பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார்கள் தயாராகின்றன. ஹோண்டாவின் சொந்த ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டையாக இருக்கும். வெளிச்சந்தை ரிம்மில் அது பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் முடுக்கியதுபோலவே தெரியும். ஆனால் உலோகமும் உலோகமும் முழுதாகப் படியாமல் மெல்லிய கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓட அது தளரும். சக்கரம் கழன்று ஓடுவது இப்படித்தான். டொயோட்டாவின் அலாய் ரிம்களில் தட்டையான வாஷர் நட்டு வருவதுண்டு; அதுவும் கூம்புக் குழிக்கு ஆகாது. மரையும் ஒன்றல்ல. புரோட்டோன், ஹோண்டா, டொயோட்டாவுக்கு 1.5, நிசான், சுசுகிக்கு 1.25. புது ரிம் வாங்கினால் அதற்கேற்ற புது நட்டும் வாங்கவேண்டும். இதில் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

எவ்வளவு பெரிய ரிம் போடலாம்? 205/45 டயரோடு 16 அங்குலச் சக்கரத்தின் மொத்த உயரம் 591 மில்லிமீட்டர். 17 அங்குலத்துக்கு 205/40 போட்டால் 596. பாதகமில்லை. 18க்குப் போய் 215/35 போட்டால் 608 ஆகிவிடும். கிட்டத்தட்ட 3 விழுக்காடு கூடுதல். மீட்டர் முன்புபோல 110 காட்டும்போது கார் 113 வேகத்தில் ஓடும். அதைவிட முக்கியமானது டயரின் பக்கச் சுவர். 16 அங்குலத்தில் 92 மில்லிமீட்டர் ரப்பர் குழியின் அடியை வாங்கிக்கொள்ளும். 18 அங்குலத்தில் 75தான். வழவழப்பான பந்தயத் தடத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் பையன் காரை ஓட்டுவது எங்கே? லாரிகள் பள்ளமாக்கிய கிராமச் சாலையிலும், மழை பெய்தால் குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாத தோட்டத்துச் செம்மண் பாதையிலும். வீட்டுக்குப் போகும் பாதையை வைத்துத்தான் ரிம்மின் அளவை முடிவு செய்யவேண்டும். ஓர் அங்குலம் ஏற்றினால் போதும்.

அடுத்து, போலி. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டிஇ37 என்ற ஆறு ஆரை ரிம்மை அறியாத இளைஞர் இல்லை. 15 அங்குலத்தில் அதன் எடை 3.7 கிலோ, பெயரிலுள்ள 37 அதைத்தான் குறிக்கிறது. அழுத்தி அடித்துச் செய்யும் முறையில் உருவானதால்தான் அவ்வளவு லேசாகவும் அவ்வளவு உறுதியாகவும் இருக்கிறது. அதே முகத்தை வார்ப்பில் ஊற்றிச் செய்த நகல்கள் எங்கும் கிடைக்கின்றன. நகலுக்கு எடையும் கூடும், உறுதியும் குறையும். நல்ல ரிம் குழியில் விழுந்தால் வளையும். மட்டமான வார்ப்பு விரிசல் விடும். வளைந்ததைக் கண்ணால் பார்க்கலாம். விரிசலோ உள்பக்கம் ஒளிந்திருக்கும்.

ஆகவே, கடையில் ரிம்மின் முகத்தை ரசித்தது போதும், திருப்பிப் பாருங்கள். ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள், அகலம், ஆஃப்செட், தாங்கும் எடை ஆகியவை நல்ல ரிம்மில் பொறித்திருக்கும். போலிக்காரன் முத்திரையையும் போலியாகப் போடுவான் என்பது உண்மைதான். ஆனால் தாங்கும் எடைகூடப் பொறிக்காத ரிம்மைத் தவுக்கே எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம். பெயர் பெரிதில்லாத, ஆனால் அசலான 16 அங்குல ரிம் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். பெரிய பெயரைத் திருடிய 18ஐவிட அது எத்தனையோ மேல்.

ரிம்முக்கே பணத்தைக் கொட்டிவிட்டு, பழைய டயரை ஏற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சாலையைத் தொடுவது ரிம் அல்லவே! டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இரவல் டயரானாலும் கடை டயரானாலும் அதைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்திலுள்ள 83, 84 போன்ற எண் சுமையைச் சொல்கிறது: 83 என்றால் 487 கிலோ, 84 என்றால் 500. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காருக்கு, தொழிற்சாலை கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக்கூடாது.

மாட்டும்போது பக்கத்தில் நிற்கவேண்டும். ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கச் சொல்லுங்கள். நட்டுகளைக் கையால் சில சுற்று ஓடவிட்டு, எதிரெதிராக முடுக்கி, காரைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ஸ்பேனரால் முடிக்கவேண்டும். ஹோண்டா சொல்லும் அளவு 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டா 103. காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று அடித்துவிட்டால் ஸ்டட் நீண்டுபோகும். பிறகு நடு வழியில் டயர் மாற்ற நேர்ந்தால் பீமனே வந்தாலும் கழற்ற முடியாது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை சரிபார்க்கவேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் ரிம் மாற்றியதைச் சொல்லிவையுங்கள். காலையில் எழுந்து பார்க்கும்போது கார் செங்கல் மேல் நின்றால் கேட்க வாயிருக்கும்.

கழற்றிய பழைய நட்டுகளை வீசிவிடாதீர்கள். பூட்டில் இருக்கும் ஸ்பேர் சக்கரம் இன்னும் தொழிற்சாலைச் சக்கரம்தான். ஹோண்டாவாக இருந்தால் அதற்கு உருண்டை நட்டுதான் பொருந்தும். இரவு நேரத்தில் ஞாலாஸ் பக்கம் டயர் பஞ்சரானால், கையிலிருக்கும் கூம்பு நட்டு அதில் சரியாக உட்காராது. நான்கு நட்டையும் ஒரு பையில் போட்டு, ஸ்பேர் டயரின் நடுவிலேயே வைத்துவிடுங்கள்.