சிவப்பும் காரமும்

பெங்களூர் விவேக் நகரில் குடியேறிய நாம், "குழம்பு சிவந்திருக்கிறது, காரத்தைக் காணோமே!" என்று வீட்டுப் பெண்களைக் குறைகூறுவது முறையன்று. இங்கு நாம் வாங்குவது பெரும்பாலும் ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி மிளகாய். 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் சுருங்கிய தோலில் காப்சாந்தின் என்னும் செந்நிறப் பொருள் மிகுதி; உதட்டுச் சாயத்துக்குங்கூட அந்நிறத்தை எடுக்கிறார்கள்! காரம் தருவதோ காப்சைசின் என்னும் வேறொரு பொருள். அது விதையில் பிறப்பதன்று. விதையைத் தாங்கும் வெண்ணிறச் சவ்விலே ஊறுவது. பியாடகியில் அது குறைவு. மிளகாயை இரட்டித்தாலும் நிறந்தான் மிகுதியாய் ஏறும். குண்டூர் மிளகாய் ஒன்றிரண்டு சேர்த்தரைத்தால் குறை தீரும். வைட்டமின் 'சி' வேண்டுவோர் வற்றலை நம்பவேண்டா. காயும்போதே அதிற் பெரும்பகுதி அழிந்துவிடும். பச்சை மிளகாயே அதற்கு உரியது. ஊரிலிருந்து வரும் மோர்மிளகாயும் வெயிலில் உலர்ந்ததே. அதனை நாம் ருசிக்காகவே உண்கிறோம்.