மலிவாக வருகிறதே என்று

எருமப்பட்டிப் பக்கம் பழைய மொபெட் ஒன்று எட்டாயிரத்துக்கு வருகிறது என்றால், வீட்டில் ஏற்கெனவே இரண்டு வண்டி நின்றாலும் மனசு சபலப்படும். 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்: பொருள் தரும் பயன் வேறு, மலிவாக முடித்துவிட்டோம் என்ற திருப்தி வேறு, அந்தத் திருப்திக்காகவே தேவையில்லாததையும் வாங்கிவிடுகிறோம். ஆனால் வண்டியைப் பெயர் மாற்றும்போதே அந்தத் திருப்தி கரையத் தொடங்கிவிடும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுதான் செல்லும்; அதற்குப் பிறகு புதுப்பிக்க, இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ஆனது. காப்பீடு, டயர், கார்புரேட்டர் எல்லாம் தனிச் செலவு.

அப்படியானால் பழசு வாங்குவதே தப்பா? இல்லவே இல்லை. பழைய லாரி ஒன்றில் தொடங்கி முதலாளியான டிரைவர்கள் நாமக்கல்லில் உண்டு. அவர்கள் சேசிஸைத் தட்டிப் பார்த்து, எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியைப் பார்த்து, ஓட்ட லோடு கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வாங்கியவர்கள். தேவை முதலில் வந்தது, விலை பிறகு வந்தது. மலிவைப் பார்த்து வாங்குபவர்களோ 'வேண்டாமென்றால் விற்றுக்கொள்ளலாமே' என்பார்கள். விற்கலாம்தான், ஆனால் நாம் அடிமாட்டு விலைக்குக் கேட்டதுபோலவே அடுத்தவரும் கேட்பார். அதுவரை ஓட்டாமல் நிற்கும் வண்டிக்கு டேங்கில் துரு ஏறும், காப்பீட்டுத் தேதியும் ஓடிக்கொண்டே இருக்கும்.