குடைபொறியும் தமிழெழுத்தும்

(தமிழன்பரும் தச்சுத்தொழிலரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

 

புதுமனை கட்டுவோர் தலைவாயிற் கதவுக்குத் தேடித் தேடித் தேக்கு வாங்குகின்றனர். வாங்கி, அதன்மேல் வீட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் வெட்டுவிக்கின்றனர். ஏனென்று வினவினால், “ரூட்டருக்கு இங்கிலீசு அச்சுத்தான் கிடைக்கிறது, ஐயா” என்கிறார் தச்சர். மொழியுணர்ச்சிக் குறைவு ஒருபுறம் இருக்க, இவ்விடையில் ஓர் உண்மையும் உண்டு. வீட்டுக்காரரை வைவது எளிது. தச்சர் கையில் தமிழ் அச்சைக் கொடுப்பதே நம் கடன். அதுபற்றியே ஈண்டுப் பேசுவேன்.

மரத்தில் தமிழெழுத்து வெட்டுதல் நமக்குப் புதிதன்று. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறிய புரொயன்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகரமுதலிக்கு எழுத்துகள் மரத்திலேயே வெட்டப்பட்டன என்று பின்வந்த பவுலீனோ பாதிரியார் குறித்துள்ளார். இன்றும் தம்மம்பட்டி, அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்று விளங்குகின்றன. திருவுருவத்தின் விரல்நகத்தைச் செதுக்கவல்ல கைக்கு ழகரத்தின் சுழி அரிதாகுமோ?

ரூட்டரை யான் குடைபொறி என்பேன். மின்னோடியின் அடியிற் பொருத்திய அலகு, நிமையத்திற்கு 10,000 முதல் 25,000 சுற்றுவரை சுழன்று மரத்தைக் குடைகின்றது. நேரலகு வாய்க்கால்போலத் தட்டையடியாகக் குடையும். அஃது உருண்டு சுழல்வதாகலின் உள்மூலையும் உருண்டே நிற்கும். டகரம், பகரம் ஆகியவற்றின் மூலையைப் பின்னர் உளியும் கொட்டாப்புளியும் கொண்டுதான் கூராக்கல் வேண்டும். கூரலகோ 60 அல்லது 90 பாகையில் முனை கூம்பியது. ஆழ இறக்கினால் கோடு அகலும். மெல்லத் தூக்கினால் ஒடுங்கிக் கூராக முடியும். எழுத்தாணி பிடித்த கை அழுத்தியும் தளர்த்தியும் எழுதுவது போன்றதே இது. ஆகலின் வளைவும் வாலும் மிக்க நம் எழுத்துக்குக் கூரலகே உகந்தது. ஒரே மூச்சில் ஆழக் குடையாது, 3 மில்லிமீட்டர் அளவாகப் பலமுறை ஓட்டுக. மரவரி அலகைத் தன்போக்கில் இழுக்கும். இரு கையாலும் இறுகப் பற்றுக. தேக்கில் மணற்சத்து உண்மையின் அலகு விரைவில் மழுங்கும். கண்ணாடியும் மூக்குத்துணியும் இன்றிப் பொறியைத் தொடற்க.

இனி அச்சட்டைக்கு வருவோம். 10 மில்லிமீட்டர் அகலத்தில் எழுத்தின் வடிவாகத் துளைத்த ஒட்டுப்பலகையே அச்சட்டை. பொறியின் அடியிலுள்ள 10 மில்லிமீட்டர் வளையம் அத்துளையில் ஊர, 6 மில்லிமீட்டர் அலகு கீழிருக்கும் மரத்தைக் குடையும். ஆங்கிலத்தில் நேர்கோட்டெழுத்துகள் பல உண்மையின் இது தொல்லையின்றி நடக்கின்றது. நம் எழுத்திலோ க, ச, ண, வ, ன என எங்கும் மூடிய சுழி. சுழியைச் சுற்றித் துளைத்தால் நடுத்துண்டு கழன்று விழும்! இதனாலேயே தமிழுக்கு அச்சட்டை ஆகாதென்று கைவிட்டார் பலர். சுழிதோறும் ஒரு சிறு பாலம் விட்டுத் துளைத்து, அதன்கீழ்க் குடையாது நின்ற இடத்தை வாய் வளைந்த உளியால் வெட்டி இணைத்தால் முடிந்தது. எழுத்தொன்றுக்கு இரண்டு மூன்று நிமைய வேலை. இதற்கா தமிழை விடுவது?

247 எழுத்துக்கும் 247 அட்டை வேண்டுமோ என்று அஞ்சற்க. உயிர் 12, மெய்வடிவு 18, ஆய்தம் 1; துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என 4; இகர ஈகார விசிறி 2; உகர ஊகாரம் ஏறிய வடிவு 36. ஆக 73 போதும். 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் பழைய ணை, லை, றா முதலியவற்றின் தனிவடிவுகளும் ஒழிந்தன. அயலெழுத்துகளுக்கு அட்டை செய்யவே வேண்டா. அச்செலவும் நமக்கு மிச்சம்.

புள்ளியை ஏன் கணக்கிற் சேர்க்கவில்லை என்பீர்கள். குழியெழுத்தில் அது துளைப்பான் முனையால் ஒரு துளை, அவ்வளவே. புடைப்பெழுத்திலோ, சுற்றுமரத்தை அகழ்ந்தபின் புள்ளி தனித்துக் குச்சிபோல் நிற்கும். ஓரடி பட்டால் தெறித்துவிடும். தெறித்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிப் பொருளே கெடும். அதனால் அவ்விடத்தை ஆழத் துளைத்து, வன்மரத்தில் உருட்டிய முளையைப் பசையிட்டு அறைக. ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று முன்னோர் பெரும்பாலும் அதை விட்டெழுதினர். பலகைக்கு அவ்வச்சம் இல்லை. இங்குப் புள்ளியை விடுவது வெறுஞ் சோம்பல்.

தமிழாசிரியர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ‘மருந்துக் கடை’ என்பதில் ஒற்றை விட்டு ‘மருந்து கடை’ என வெட்டினால், மருந்தைக் கடையச் சொல்லும் ஏவலாகிவிடும்! தாளிலாயின் அழிக்கலாம், தேக்கில் எதைக்கொண்டு அழிப்பது? கணிப்பொறி இயக்கும் குடைபொறியும் இன்று வந்துள்ளது. அது நூறு பலகையிலும் அதே பிழையை வழுவாது வெட்டித் தரும். ஆகவே தச்சர் அலகைப் பூட்டுமுன் பெயர் எழுதிய தாளை வாங்கிப் பாருங்கள். கூலி கேளாதீர்கள்.

இளந்தச்சர்களே! 73 அட்டையையும் ஒருங்கே செய்யப் புகாதீர்கள். சுழியில்லாத ட, ப, ர மூன்றையும் முதலில் வெட்டிப் பழகுங்கள். அடுத்து வகரம். ணகரத்தை இறுதியில் வைத்துக்கொள்ளலாம்.