உண்மையைச் சொன்ன செவிலியர்



செவிலியர் ஒருவர் மருந்தை மாற்றி ஊசி போட்டுவிட்டார், நோயாளி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், "பிடித்து உள்ளே போடுங்கள்" என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. நம்பி ஒப்படைத்த உயிர் அல்லவா போயிருக்கிறது? ஆனால் அந்தக் கோபத்தின்படியே அரசும் நடந்துகொண்டால் நாளை மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கு அது நன்மையா, தீமையா? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை வைத்து இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. 2017 டிசம்பர் 26. தலைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டுச் சேர்க்கப்பட்ட 75 வயதுப் பெண்மணி நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். குறுகலான இடத்தில் படுக்க அவருக்குப் பயம். பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்தை மருத்துவர் எழுதினார். மிடசோலம் என்பது அந்த மருந்தின் பொதுப்பெயர்.

அந்த ஊசியைப் போடும் பொறுப்பு ரடான்டா வாட் என்ற செவிலியரிடம் வந்தது. யாருக்கு உதவி தேவையோ அங்கே ஓடுவதுதான் அன்று அவருடைய டூட்டி. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே மருந்துகள் கணினி பொருத்திய அலமாரிக்குள் இருக்கும். பெயரைத் தட்டினால்தான் அறை திறக்கும். வாட் வெர்செட்டின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். அலமாரியோ பொதுப்பெயரில் தேடும்படி அமைக்கப்பட்டிருந்ததால் மருந்து கிடைக்கவில்லை. அவசரத்துக்கென்று உள்ள, கட்டுப்பாட்டைத் தாண்டி மருந்து எடுக்கும் வழியை அழுத்தி, மறுபடியும் அதே இரண்டு எழுத்துகளைத் தட்டினார். இந்த முறை வெக்குரோனியம் வந்தது.

வெக்குரோனியம் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. மூச்சை இழுக்கும் தசைகளும் அதற்குத் தப்பாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டு மட்டுமே அதைப் பயன்படுத்துவார்கள். அந்த அம்மாவுக்குச் செயற்கைச் சுவாசம் இல்லை. மருந்து செலுத்தப்பட்டது, செவிலியர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து மற்றவர்கள் கவனித்தபோது அந்த அம்மா பேச்சுமூச்சின்றிக் கிடந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது.

செவிலியர் மீது தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பது செவிலியர் பயிற்சியின் பாலபாடம். எடுக்கும்போதும், தயாரிக்கும்போதும், கொடுக்கும் முன்பும் லேபிளைப் படிக்க வேண்டும். வெர்செட் திரவமாக வரும். கையில் இருந்ததோ கரைத்துச் செலுத்த வேண்டிய தூள். இது தசைகளை முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை குப்பியின் மூடியிலேயே இருந்தது. இத்தனையும் கண்ணில் படாமல் போயின. ஊசி போட்ட பிறகு பக்கத்தில் நின்று பார்க்கவும் இல்லை. இப்படிப்பட்டவர் கையில் மறுபடி நோயாளியை ஒப்படைக்கலாமா என்று கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு. 2021 ஜூலையில் டென்னசி செவிலியர் வாரியம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. என்ன நடந்தது என்று தெரிந்ததுமே வாட் ஒப்புக்கொண்டார். "நான்தான் கொடுத்தேன், தவறான மருந்து" என்று அன்றைக்கே மேலிடத்தில் சொன்னார். பழியை வேறு யார் தலையிலும் போடவில்லை. மருத்துவமனை என்ன செய்தது? அவரை வேலையைவிட்டு நீக்கியது. குடும்பத்தாருடன் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டு, வெளியே பேசக்கூடாது என்று நிபந்தனையும் போட்டது. இப்படிப்பட்ட சாவை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, தெரிவிக்கவில்லை. இறப்புப் பதிவில் இயற்கை மரணம் என்று ஆனது. 2018 அக்டோபரில் பெயர் சொல்லாத ஒருவர் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்த பிறகே விசாரணை வந்தது. 2019 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டவர், முதல் நாளே உண்மையைச் சொன்ன அந்தச் செவிலியர். மறைத்த நிர்வாகத்தின் மீது எந்தக் குற்றவியல் வழக்கும் இல்லை.

2022 மார்ச்சில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. சிறைத் தண்டனை இல்லை. அம்மா இருந்திருந்தால் இவர் சிறைக்குப் போவதை விரும்பியிருக்க மாட்டார் என்று இறந்தவரின் மகனே நீதிமன்றத்தில் சொன்னார். தன் தந்தை தண்டனை வேண்டும் என்று நினைப்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த முதியவரின் துயரத்தைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தீர்ப்பைக் கேட்டு அமெரிக்கா முழுவதும் செவிலியர்கள் கொதித்தார்கள். தங்களில் ஒருத்தி என்ற பாசம் மட்டும் அதற்குக் காரணமில்லை. இரவு டூட்டியில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் ஐந்து நிமிடத்தில் ஓடிவந்து சொன்னால் மருத்துவர் மாற்று மருந்து கொடுக்கலாம், மூச்சுக்குழாய் வைக்கலாம், ஐ.சி.யு.வுக்கு மாற்றலாம். ஒரு மணி நேரம் தயங்கினால் எல்லாம் கைமீறிவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மனத்தில் போலீஸ் நிலையம் வந்து நின்றால், பாதிக்கப்படுவது படுக்கையில் இருப்பவர்தான். தவறை உடனே வெளியே சொல்வது செவிலியரின் தலையாய அறம் என்று கற்பித்துவிட்டு, சொன்னவரைக் கூண்டில் ஏற்றுவது அந்த அறத்தை நாமே அறுப்பதாகும்.

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு எழுத்து தட்டினால் உயிர்போக்கும் மருந்தை நீட்டும் அலமாரியை யார் அமைத்தார்கள்? அந்த நாட்களில் மருத்துவமனையில் புதிய கணினி முறை வந்து, மருந்து எடுப்பதில் தாமதம் இருந்ததாகவும், கட்டுப்பாட்டைத் தாண்டி எடுப்பது அன்றாட வழக்கமாகிவிட்டதாகவும் வாட் சொன்னார். பின்னால் இத்தகைய அலமாரிகளில் குறைந்தது ஐந்து எழுத்துகளாவது தட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. ஒருவரைக் கூண்டில் ஏற்றியதைவிட இந்தச் சின்ன மாற்றம் அதிக உயிர்களைக் காக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சாதாரணக் கவனக்குறைவுக்கு மருத்துவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். வழக்குத் தொடரும் முன் துறை அறிந்த, சார்பில்லாத மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும், எடுத்ததுமே கைது செய்யக்கூடாது என்றும் அறிவுறுத்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 106-ஆவது பிரிவைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. சிகிச்சையின்போது அதைச் செய்தவர் பதிவுபெற்ற மருத்துவர் என்றால் இரண்டாண்டு வரை. மருத்துவர் என்றால் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று விளக்கமும் இருக்கிறது. செவிலியரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது. பழைய தண்டனைச் சட்டத்தில் எல்லோருக்கும் உச்சவரம்பு இரண்டாண்டுதான். இன்று ஒரே நோயாளி, ஒரே தவறு. மருத்துவருக்கு ஒரு வரம்பு, அவர் சொன்னதைச் செய்த சிஸ்டருக்கு அதைவிட இரண்டரை மடங்கு.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கடும் அலட்சியமோ தீய நோக்கமோ இருந்தாலன்றி, சிகிச்சையில் நேரும் பிழைக்கு மருத்துவப் பணியாளர்மீது குற்ற வழக்கு இல்லை. மருத்துவர், செவிலியர் என்று அதில் பேதம் பார்க்கவில்லை. நம் நாடாளுமன்றம் 2023-இல் தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, செவிலியருக்கும் தேசியப் பதிவேடு வேண்டும் என்று வகுத்துவிட்டது. அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களையும் 106-ஆவது பிரிவின் விளக்கத்தில் சேர்க்க ஒரு வரி போதும். செவிலியர் சங்கங்கள் இதை உரக்கக் கேட்க வேண்டும். மருத்துவர் சங்கங்களும் அவர்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.