பள்ளி வாசலில் துணைக்கு ஒருவர்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிவரும் பணிகளுள் பெரும்பகுதி மனு எழுதும் பணியே ஆகும். சாதிச் சான்றிதழுக்கு, கல்வி உதவித்தொகைக்கு, விடுதியில் ஓர் இடத்திற்கு என்று எத்தனை மனுக்கள்! எழுத்தறியாத தகப்பனுக்குப் பக்கத்தில் படித்த பிள்ளை ஒருவன் நின்றால், அலுவலகத்தில் பேச்சின் தொனியே மாறிவிடுவதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தை நம்பியே இன்று இப்பொருளைப் பேச முன்வந்தோம். உடற்குறையோ, அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்குக் கல்வி பெறுவதில் துணை நிற்பது பற்றியதே இவ்வுரை.

பாம்பனில் நாம் அறிந்த தாய் ஒருத்தி. கருவாடு காயவைக்கும் கூலி வேலை. மகனுக்கு எட்டு வயது. மூளை முடக்குவாதத்தால் கால்கள் நிலைகொள்வதில்லை, பேச்சும் குழறும். ஆயினும் கரையில் நிற்கும் படகுகளின் எண்களைப் பார்த்துப் பார்த்தே எண்களைக் கற்றுக்கொண்டவன் அவன். மூன்று ஆண்டுகள், ஜூன் மாதந்தோறும், அவனை இடுப்பில் சுமந்துகொண்டு ஒரு பள்ளிக்குப் போனாள். மூன்று முறையும் "அடுத்த வருஷம் பார்க்கலாம் அம்மா" என்ற பதிலே கிடைத்தது. யாரும் விரட்டவில்லை, இதமாகத்தான் சொன்னார்கள். இதமாகச் சொல்லப்படும் மறுப்பே நம் மக்களை எளிதில் திருப்பி அனுப்பிவிடுகிறது. நான்காம் முறை நம் இளைஞர் இருவர் உடன் சென்றனர். அவர்கள் வாதாடவில்லை. சேர்க்க இயலாது என்பதைக் காரணத்துடன் எழுதித் தருமாறு பணிவாகக் கேட்டனர், அவ்வளவுதான். தலைமையாசிரியர் சற்று நேரம் அவர்களைப் பார்த்தார். பின் சேர்க்கைப் படிவத்தை எடுத்தார்.

அதை எவரும் எழுதித் தர முடியாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், அதன் 2012-ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய பிள்ளைகளையும் தம்முள் அடக்கியவை. கடுமையான குறைபாடுடைய பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறவும் அத்திருத்தம் வழி செய்கிறது. ஆனால் அது பெற்றோர் விரும்பினால் மட்டுமே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ இன்னும் தெளிவானது. அரசு நிதி பெறும் பள்ளியும் அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் வேற்றுமை பாராட்டாது சேர்த்துக்கொள்ளவேண்டும் என்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதிருப்பின், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்க உரிமை உண்டு.

சேர்க்கை ஒரு நாளில் முடிந்தது. அதன் பின்னரே அலைச்சல் தொடங்கிற்று. குறைபாட்டுச் சான்றுக்காகப் பாலம் கடந்து இராமநாதபுரம் போகவேண்டும். போகும் நாளில் கூலி இல்லை. முதல் முறை புகைப்படம் இல்லை. அடுத்த முறை ஆதார் அட்டையில் பெயரின் எழுத்து வேறாக இருந்தது. சான்று இருந்தால்தான் தேசிய அடையாள அட்டை. அது கையில் இருந்தால் பராமரிப்பு உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் என்று பின்னால் வருவன பல. இவற்றையெல்லாம் ஒரு தாய் தனியே அறிந்துகொள்வது எங்ஙனம்? தாள்களை ஒரு உறையில் வரிசையாய் வைத்து, கொடுத்த மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் பெற்று, யார் எப்போது என்ன சொன்னார் என்று குறித்துவைப்பதே துணை நிற்பவரின் பாதி வேலை. ஆசிரியரைப் பகைத்துக்கொள்ளாதிருப்பது மறுபாதி. நாளெல்லாம் பிள்ளை அவரிடம்தானே இருக்கவேண்டும்!

இளைஞர்களே, கண்ணுக்குத் தெரியும் குறையைக் காட்டிலும் தெரியாத குறையே நம் பிள்ளைகளுக்குப் பெருங்கேடு செய்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அறிவு கூர்மையாக இருந்தும், எழுத்துகள் மட்டும் பிடிபடாமல் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அவ்வாறு தடுமாறினால் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். நம் பிள்ளை தடுமாறினால் எவரும் காரணம் தேடுவதில்லை. பிறந்த தெருவே காரணமாகிவிடுகிறது. "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்ற பழஞ்சொல் ஆயத்தமாக இருக்கிறதன்றோ? அச்சொல்லை நம் வீடுகளிலும் கேட்கிறோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. குறையுள்ள பிள்ளையை முன்வினை என்று உள்ளறையில் வைத்திருக்கும் வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன.

இவ்விரு போராட்டங்களும் வேறு வேறு அல்ல என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல், கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரித்துவைப்பது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பையே ஆதாரமாகக் கொண்டு குறைபாடுடைய பிள்ளைகளின் பெற்றோர் பென்சில்வேனியாவிலும் வாஷிங்டனிலும் வழக்குத் தொடுத்து, 1972-இல் வென்றனர். பணம் போதவில்லை என்ற சாக்கை வாஷிங்டன் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1975-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், பள்ளியின் முடிவை எதிர்த்து முறையிடும் பெற்றோர், விவரமறிந்த ஒருவரை விசாரணைக்கு உடன் அழைத்துவரலாம் என்ற உரிமையையும் தந்தது. நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றம் 2021-இல், இத்தகைய பிள்ளைகளுள் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கும் அதற்கு மேல் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று கூறியிருக்கிறது. கூறியதைக் கேட்டுப் பெறுவோர் வேண்டாமா?

அப்பாம்பன் சிறுவனை முதலில் வகுப்பின் கடைசியில், சுவரோரமாகப் பாயில் தனியே அமர்த்தியிருந்தனர். அதைக் கண்ட நம் பெரியவர் ஒருவர், பள்ளியில் அம்பேத்கர் தனியே அமர்ந்திருந்த கோணிச் சாக்கு நினைவுக்கு வருவதாகச் சொல்லிக் கண்கலங்கினார். ஆசிரியை கெட்ட எண்ணத்தால் அதைச் செய்யவில்லை. அவன் விழுந்துவிடுவானோ என்று அஞ்சினார். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை நம் சங்கமே செய்து கொடுத்தது. இப்போது இரண்டாம் வரிசையில் இருக்கிறான்.

கழிப்பறைக்கு மூன்று படிகள் உள்ளன. அதற்காக மட்டும் அவன் தாய் நண்பகலில் வேலையை விட்டு ஓடிவருகிறாள். சாய்தளம் கேட்டு மனு எழுதியாயிற்று. வரும் திங்கட்கிழமை, குறைதீர் நாளில், ஆட்சியர் அலுவலகத்திற்கு அவளுடன் போகவேண்டும். சென்ற முறை சென்ற இருவருக்கும் அன்று கல்லூரித் தேர்வு. காலை முதல் பேருந்துக்கு வரக்கூடியவர்கள் இவ்வமர்வு முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.