ஊர் திரும்பினவங்க என்ன ஆனாங்க?

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளியூர்லேர்ந்து வர்றவனுக்கு என்ன கஷ்டம்? நம்மளவிட நல்லாத்தான் இருக்கான்"னு ஒரு ஃபார்வேர்டு உங்க குரூப்புக்கும் வந்திருக்கும். அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்த ரெண்டு நிமிஷம்.

பல நாடுகளின் கணக்கில், புலம்பெயர்ந்து வந்தவர்களின் இறப்பு விகிதம் அங்கேயே பிறந்தவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கு. ஏன்? உடம்பில் தெம்பு இருக்கிறவங்கதான் பெரும்பாலும் ஊரைவிட்டுக் கிளம்புறாங்க. அது ஒண்ணு. உடம்புக்கு முடியாமப் போனா பலர் சொந்த ஊருக்கே திரும்பிடுறாங்க. சாவு அங்கே நடக்குது. உழைச்ச ஊரின் கணக்கில் அது ஏறுறதே இல்லை.

பொருளாதாரம் படுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். உள்ளூர்க்காரருக்கு வேலை போனாலும் வீடு, ரேஷன் கடை, சொந்தபந்தம்னு ஏதாவது ஒரு பிடி இருக்கும். வெளியூர்த் தொழிலாளிக்கு வேலையோட சேர்ந்து தங்குற ஷெட்டும் போயிடும்.

2020 மார்ச் 24, இரவு 8 மணி. நாலே மணி நேர அவகாசத்தில் நாடு முழுக்க ஊரடங்கு. மே 8 அதிகாலை, மகாராஷ்டிராவின் அவுரங்காபாத் அருகே, ஜால்னா இரும்பு ஆலையிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பின தொழிலாளர்கள், நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே தூங்கிட்டாங்க. சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்தாங்க. அது ரயில் விபத்து. வேலை போனதால வந்த சாவுன்னு யார் எழுதுவா?

அதே ஆண்டு செப்டம்பர் 14. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினதா நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு கணக்குச் சொன்னது. எத்தனை பேர் இறந்தாங்க? தரவு இல்லை. இழப்பீடு? தரவு இல்லாததால் அந்தக் கேள்வியே எழலையாம்!

நான் இன்ஜினியரிங் படிச்சவன். சென்சார் ஜீரோ காட்டினா, முதல்ல ஒயர் மாட்டியிருக்கான்னு பார்க்கணும். தொழிலாளி விபத்தில் இறந்தால் ரெண்டு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் ஒப்பந்ததாரர் தெரிவிக்கணும்னு 1979 புலம்பெயர் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஒயர் அப்பவே கொடுத்தாச்சு. மாட்டத்தான் ஆளில்லை.

அடுத்த தடவை அந்த ஃபார்வேர்டு வந்தா திட்டாதீங்க. "ஊர் திரும்பினவங்க என்ன ஆனாங்க?"ன்னு மட்டும் கேளுங்க. வளைகுடாவிலயும் சிங்கப்பூர்லயும் நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் வெளியூர்த் தொழிலாளிங்கதான்.